தவறான கப்பில் விழுந்த மூடி

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஃபிரைடு ரைஸ் கடையில், நேற்று மாலை என் மகள் பச்சை மிளகாய் ஊறிய வினிகரைத் தன் தட்டில் தாராளமாகக் கவிழ்த்தாள். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும் நீ எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டாய். டயாலிசிஸ் மிஷின்களை ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் உள்ளே கழுவிவிடுவோமே, அந்த மருந்துக்கும் இதே வாடைதான். எத்தனையோ வருடங்கள் நம் இருவரின் புடவையிலும் தலைமுடியிலும் ஏறியிருந்த வாடை. "இன்னிக்கும் ஊறுகாய் ஜாடிக்குள்ள விழுந்து எழுந்துண்டு வந்திருக்கியா?" என்று கதவைத் திறக்கும்போதே உன் அம்மா கேட்பார்கள் என்று சொல்லிச் சிரிப்பாய்.

"என்னம்மா, சாப்பிடாம பாத்துக்கிட்டே இருக்க?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். சொன்ன பிறகுதான் உறுத்தியது. நம் ரூமுக்குள் யாரும் சொல்லக்கூடாது என்று நீ தடை போட்டிருந்த வார்த்தை அது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை. புத்தூரில் அதே ஆஸ்பத்திரி, தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பின்னால் அதே ரூம், உன் நாற்காலியின் முதுகில் அதே துண்டு. இரண்டு பேர் பார்த்த மிஷின் ரிப்பேர் வேலையை நான் ஒருத்தியாகப் பார்க்கிறேன். காலையில் வந்ததும் போன் அடிக்கத் தொடங்குகிறது. ஒரு வார்டில் மானிட்டர், ஒரு வார்டில் மருந்து ஏற்றும் பம்ப், ஆபரேஷன் தியேட்டரில் விளக்கு. மாடி ஏறி இறங்கியே பொழுது போய்விடுகிறது. புகார் சொல்வதற்காக எழுதவில்லை. களைப்பாக இருக்கிறது, உன்னிடம் சொன்னால் புரியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. நாளை காலை மீட்டிங். நம் பழைய டயாலிசிஸ் மிஷின்களை இன்னும் ஒரு வருடம் ஓட்டலாமா, எடுத்துவிடலாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள். என்னிடம் கேட்டிருப்பது ஒவ்வொரு மிஷினுக்கும் ஓர் எண் மட்டும். ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் நடுவில் அது சராசரியாக எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற எண். மொத்தம் ஓடிய நேரத்தைப் பழுதான தடவைகளால் வகுத்தால் வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கணக்கு. வகுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. எதைப் பழுது என்று எண்ணுவது என்பதில்தான் நீ ஊரைக் கூட்டுவாய்.

ரிப்பேரை மட்டும் எண்ணினால் எண் பெரிதாக வருகிறது. மிஷின்கள் இருக்கும். நின்று, ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும் மக்கரையும் சேர்த்து எண்ணினால் எண் சுருங்கிவிடுகிறது. மிஷின்கள் போய்விடும். ஆனால் புதியவை வரும்வரை, அவற்றை நம்பியே நடக்கும் மாலை ஷிஃப்ட் நின்றுவிடும். அந்த ஷிஃப்டில் படுத்திருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வியும் அந்த எண்ணோடு சேர்ந்தே என் தலையில் இருக்கிறது.

இந்தச் சராசரியை நாம் காலேஜில் ஒன்றாகத்தான் படித்தோம். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்த நானும் ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து வந்த நீயும் ஒரே பெஞ்சு. பரீட்சைக்கு முந்தைய நாள் எனக்கு அது மண்டையில் ஏறவேயில்லை. கேன்டீன் வாசலில் நின்றுகொண்டு மேலே எரிந்த பல்பைக் காட்டினாய். "இதோ பாருடி, இது ஃபியூஸ் போனா தூக்கிப் போட்டுடுவோம். அதனால இதுக்கு ஆயுசுன்னு ஒண்ணு உண்டு. பக்கத்துல இருக்கே கிரைண்டர், அது நின்னா சரி பண்ணி மறுபடி ஓட்டுவோம். அதுக்கு ஆயுசு கிடையாது, இடைவெளிதான். ஒரு தகராறுக்கும் அடுத்த தகராறுக்கும் நடுவுல எத்தனை நாள் நிம்மதி, அவ்வளவுதான் விஷயம்." பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த சீனியர், "இது கல்யாணம் ஆனவங்களுக்கும் பொருந்துமா?" என்று கேட்டான். "பொருந்தும். நீங்க முதல்ல பரீட்சை பாஸ் பண்ணுங்கோ" என்றாய்.

பிறகு வேலைக்கும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்குக் கல்யாணம், குழந்தை. நீ அம்மாவோடு இருந்துவிட்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவாய், ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் போவாய். ஏறியதும் தூங்கிவிடுவாய். காவிரிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வதாகச் சொல்வாய்.

அந்த ஆயுத பூஜையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டயாலிசிஸ் யூனிட்டில் சிஸ்டர்கள் எல்லா மிஷின்களையும் துடைத்துப் பூ வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தார்கள். மறுநாள் காலை முதல் ஷிஃப்டில் ஒரு மிஷின் அலறியது. அது நிற்பதற்குள் அடுத்தது. பிறகு அதற்கடுத்தது. ரத்தம் வரும் குழாயில் காற்றுக்குமிழி இருப்பதாகச் சொல்லி ஒவ்வொன்றாகப் பம்பை நிறுத்திக்கொண்டன. குமிழி எங்கும் இல்லை. நீயும் நானும் ஓடினோம். நீ குனிந்து பார்த்தாய். குழாயைக் கவனிப்பதற்காக ஒரு சின்ன கண்ணாடிக் கண் உண்டே, சரியாக அதன்மேல் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். காய்ந்து கெட்டியாகியிருந்தது.

"மேடம், நான் பக்தியாத்தான் வெச்சேன்" என்றார் சிஸ்டர், அழுகிற குரலில்.

"பக்தி சரி சிஸ்டர். ஆனா அது கண்ணு. எங்க ஊர்ப் பெருமாளுக்கே யாரும் கண்ணுல நாமம் போடமாட்டா" என்று சொல்லிக்கொண்டே நீ ஈரப் பஞ்சால் ஒவ்வொரு கண்ணையும் துடைத்தாய். நாலாம் நம்பரில் படுத்திருந்த பாய் வயிறு குலுங்கச் சிரித்தார். பாலக்கரையில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் அதே பாய்தான். "எங்க ஆளுங்க கல்ஃபுக்குப் பொட்டி வாங்க வரும்போது நானும் இப்படித்தான் பூட்டு மேலயே ஸ்டிக்கர் ஒட்டிருவேன்மா. அப்பறம் சாவி போகாது" என்றார்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் சண்டை வந்தது. அந்த மாதத்துப் பழுதுக் கணக்கில் அன்றைய நிறுத்தங்களைச் சேர்க்கக்கூடாது என்றார் அப்போதிருந்த மேனேஜர். "அது மனுஷன் தப்புங்க. மிஷின் தப்பு இல்லையே."

"பாய்கிட்ட போய் சொல்லுங்கோ சார், உங்க ரத்தத்தை நிறுத்தினது சந்தனம்தான், மிஷின் இல்லேன்னு. அவருக்கு நின்னது நின்னதுதானே?" என்றாய்.

நீ சொன்னதில் வெறும் வாய்ச் சாமர்த்தியம் இல்லை. பம்ப் நின்றால் உடம்புக்கு வெளியே குழாயில் இருக்கும் ரத்தம் நின்றுவிடும். சிஸ்டர் உடனே வந்து சரிசெய்தால் ஒன்றுமாகாது. தாமதமானால் உறையும். உறைந்த ரத்தத்தைத் திரும்ப உடம்புக்குள் விட முடியாது, குழாயோடு போகவேண்டியதுதான். ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்புகள் அவை. ஒரு சிஸ்டர் நாலு பேரைப் பார்க்கிற இடத்தில் இரண்டு மிஷின்கள் ஒரே நேரத்தில் அலறினால் அவர் எந்தப் பக்கம் ஓடுவார்?

அதன் பிறகுதான் மக்கரை எண்ண ஆரம்பித்தாய். மொத்தமாக நின்றுபோய் நாம் திறந்து சரிசெய்தால் அது ரிப்பேர், அதற்குக் கணக்கு உண்டு. நின்று, அலறி, சிஸ்டர் ஒரு தட்டுத் தட்டிப் பட்டனை அழுத்தியதும் மறுபடி ஓடிவிட்டால் அது மக்கர், அதற்குக் கணக்கில்லை. போன் வந்து நாம் மேலே போவதற்குள் மிஷின் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். "வந்து பார்த்தோம், ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டு இறங்குவோம். ஒருநாள் படிக்கட்டிலேயே நின்றுவிட்டாய். "நாம வர்றச்சே அது நல்ல பிள்ளையா இருக்கு, அவ்வளவுதான். ஓடறதுங்கறதுக்காக ஒண்ணுமில்லேன்னு அர்த்தமா? இனிமே நம்ம ரூம்ல எவளும் இந்த வார்த்தையைச் சொல்லப்படாது." எவளும் என்றால் நாம் இருவர்தான் இருந்தோம்.

கையுறையோடு இருக்கும் சிஸ்டர்களிடம் எழுதி வையுங்கள் என்றால் யார் எழுதுவார்கள்? நீதான் அந்த வழியைக் கண்டுபிடித்தாய். ஒவ்வொரு நோயாளிக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்துக்குப்பி உடைப்பார்கள். அதன் தலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும். நீலம், ஆரஞ்சு, பச்சை. எப்போதும் கையெட்டும் தூரத்தில் கிடக்கிற பொருள். டானிக் ஊற்றிக் கொடுக்கும் சின்ன கப் ஒன்றை ஒவ்வொரு மிஷினிலும் கட்டித் தொங்கவிட்டாய். மக்கர் பண்ணினால் ஒரு மூடியைக் கப்பில் போடவேண்டும். அவ்வளவுதான் வேலை. டயாலிசிஸ் மட்டுமில்லை, நம் கைக்கு வரும் எல்லா மிஷின்களுக்கும் கட்டினாய். உன் கோட்டுப் பையில் எப்போதும் மூடிகள் கலகலவென்று சத்தம் போடும். சிஸ்டர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் காரணமில்லாமல் திட்டிவிட்டுப் போனால், "மேடம், சாருக்கும் ஒரு கப்பு கட்டுங்க. இன்னைக்கு மூணாவது மூடி" என்பார்கள்.

நாலாம் நம்பரின் கப்தான் சீக்கிரம் நிறையும். பாய் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். ஒருநாள் நீ அவருக்குச் சராசரியை விளக்கப் போய் மாட்டிக்கொண்டாய்.

"அப்ப இன்னைக்கு நிக்காதுன்னு சொல்றீங்களாம்மா?"

"அப்படிச் சொல்ல முடியாது பாய். சராசரிதானே. நாளைக்கே நிக்கலாம், ரெண்டு மாசம் நிக்காமலும் ஓடலாம்."

"அதத்தான் எங்க வாப்பா கணக்கே போடாம சொல்லுவாரு. பின்ன எதுக்கும்மா இந்தக் கணக்கு?"

"எப்ப நிக்கும்னு சொல்றதுக்கு இல்ல பாய். எதை இனிமே நம்பப்படாதுன்னு சொல்றதுக்கு" என்றாய். பாய் தலையை ஆட்டிக்கொண்டார். அந்த வாக்கியத்தை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்கிறேன்.

உன் கடைசி மாதங்களைப் பற்றி எழுதாமல் தாண்டிவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை. இரண்டாம் மாடி ஏறும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாய். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்ல, கேஸ்" என்பாய். மதியம் தயிர் சாதத்தைப் பாதியில் மூடி வைப்பாய். "ஒண்ணுமில்ல, பசிக்கல." நெற்றியில் வேர்வை. "ஒண்ணுமில்ல, ஃபேன் சரியில்ல." ஃபேன் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மிஷின்களுக்குத் தடை செய்த வார்த்தையை உனக்கு மட்டும் தாராளமாக எடுத்துக்கொண்டாய். அந்தந்த நேரத்தில் எதுவுமே பெரிதாகத் தெரியவில்லை. உட்கார்ந்தாய், தண்ணீர் குடித்தாய், எழுந்தாய், மறுபடி ஓடினாய்.

சென்ற வாரம் மீட்டிங்குக்காக எல்லாக் கப்புகளையும் இறக்கி எண்ணினேன். டயாலிசிஸ் முடிந்து மற்றவற்றுக்கு வந்தேன். இ.சி.ஜி. மிஷினின் கப்பில் ஒரே ஒரு நீல மூடி கிடந்தது. அந்த மிஷின் எனக்குத் தெரிந்து ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. யார் போட்டது, எதற்குப் போட்டது என்று யோசித்தேன். பிறகு ஞாபகம் வந்தது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

போன வருடம் மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு மதியம். வருடாந்தரச் சோதனைக்காக அந்த மிஷினை நம் ரூமுக்குத் தள்ளிக்கொண்டு வந்திருந்தோம். போலித் துடிப்பு கொடுக்கும் சோதனைப் பெட்டியை எடுக்கச் சோம்பல்பட்டு, எப்போதும்போல நீயே மணிக்கட்டுகளிலும் கணுக்கால்களிலும் க்ளிப் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். எத்தனை வருடமாக அப்படிச் செய்கிறோம். காகிதம் ஓடும். கோடு தெளிவாக இருக்கிறதா, நடுங்காமல் வருகிறதா, அளவு சரியா என்று பார்ப்போம். கோட்டைப் பார்ப்போம். கோடு என்ன சொல்கிறது என்று பார்க்கமாட்டோம். அது டாக்டர் வேலை.

அன்று கோடு ஒழுங்காக வந்துகொண்டே இருந்து, ஒரு துடிப்பு மட்டும் அவசரப்பட்டு முன்னால் வந்தது. அகலமாக, மற்றவை போல் இல்லாமல். பிறகு ஓர் இடைவெளி. பிறகு ஒழுங்கு. சற்று நேரத்தில் மறுபடி அதே மாதிரி.

"இது என்னடி, ஒயர் மக்கர் பண்றது" என்றாய்.

ஒயரை மாற்றினேன். மறுபடி வந்தது. க்ளிப்பைத் துடைத்து மாட்டினேன். மறுபடி வந்தது. "நீ மாட்டிக்கோ, பாக்கலாம்" என்று என்னை உட்காரவைத்தாய். என் கையில் கோடு அச்சடித்த மாதிரி ஓடியது. ஒரு குறையும் இல்லை.

"பாத்தியா, இப்ப ஒண்ணுமில்ல" என்றாய்.

நான் விடவில்லை. "ஏய், நீயே சொல்லிட்ட! போடுடி மூடிய!"

நாக்கைக் கடித்துக்கொண்டாய். பையைத் துழாவி ஒரு நீல மூடியை எடுத்து, வித்தை காட்டுகிற மாதிரி மேலே தூக்கிக் காட்டிவிட்டு, இ.சி.ஜி. மிஷினின் கப்பில் போட்டாய். இருவரும் சிரித்தோம். காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அப்படி வரும் துடிப்புக்கு என்ன பெயர் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், படித்திருக்கிறோம். ஆனால் அந்த ரூமில், அந்த நாற்காலியில் நாம் பார்த்தது மிஷினைத்தான்.

மூடி எண்ணிய அன்று இதய டாக்டரிடம் போய்க் கேட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அவர் பொறுமையாகவே பதில் சொன்னார். "அப்படி ஒண்ணு ரெண்டு வர்றது நிறைய பேருக்கு இருக்கும் மேடம். சிலருக்கு ஒண்ணுமே இல்ல. சிலருக்கு முழுசா பார்க்கணும். பேப்பர் பாக்காம நான் என்ன சொல்ல முடியும்?" அவர் சொன்னது சரிதான். அது ஒன்றுமில்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் அது யாருடைய மக்கர் என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் இல்லை. ஒரு மாதம் கழித்து, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்தில், காவிரிப் பாலம் தாண்டும்போது நீ கண்ணைத் திறக்கவில்லை. வழக்கம்போல் தூங்குகிறாய் என்றுதான் பக்கத்தில் இருந்த அம்மாள் நினைத்திருக்கிறார். நிறுத்தம் வந்ததும் கண்டக்டர் தோளைத் தொட்டு, "புத்தூர் போறவங்க, இறங்குங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னாராம்.

இன்று காலை ஸ்ரீரங்கம் போனேன், உன் அம்மாவைப் பார்க்க. தெருவில் நவராத்திரிக் கூட்டம். உங்கள் வீட்டு ஹாலில் மட்டும் கொலுப்படிகள் மடித்தபடி சுவரில் சாய்ந்திருந்தன.

"வருஷம் ஆகலையே, இந்தத் தடவை கொலு கிடையாது" என்றார்கள். "வா, உக்காந்துக்கோ. காப்பி கலந்துண்டு வரேன்."

காப்பியோடு ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்தார்கள். திறந்தால், கழுவிக் காயவைத்த மூடிகள். நீலம், ஆரஞ்சு, பச்சை. எண்ணி முடித்தவற்றை நீ வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொலுவில் பார்க்குக்கு வேலி கட்டுவாயாம். எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் சுண்டல் வாங்கித் தின்றுகொண்டே அந்த வேலியைப் பார்த்திருக்கிறேன், ஏதோ கடையில் வாங்கிய மணிகள் என்று நினைத்திருக்கிறேன். நாலாம் நம்பரின் மக்கர்களுக்கு நடுவில்தான் செட்டியார் பொம்மைகள் கடை விரித்திருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிச் சாமான் ஆச்சேன்னு நான் கோச்சுப்பேன். 'வெந்நீர்ல போட்டுக் கழுவிட்டேம்மா'ன்னு சொல்லுவா" என்று சொல்லிவிட்டுச் சற்று நேரம் டின்னுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டார்கள். "உன்னண்ட கேக்கணும்னு இருந்தேன். அவளுக்கு முன்னாடியே உடம்புக்கு ஏதாவது இருந்துதோ? உன்னண்ட சொன்னாளோ? என்னண்ட மறைச்சாளோன்னு... ராத்திரி படுத்தா அதான் வரது."

அந்த நீல மூடி என் கைப்பையில் இருந்தது. எடுத்துக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காட்டி என்ன விளக்குவது?

"மறைக்கல மாமி. அவளுக்கே தெரியாது" என்றேன். அது உண்மை என்பதால் அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்ல முடிந்தது.

"அப்ப சரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "என்னை ஏமாத்தலையே, அது போறும். இந்த டின்னை நீ எடுத்துண்டு போயிடு. அடுத்த வருஷம் பொம்மையே வைக்கறேனோ என்னமோ. உங்க ஆபீஸ்லயாவது உபயோகப்படட்டும்."

மூன்று மாடி இறங்கி வந்தேன். லிஃப்ட் இல்லாத அந்தப் படிகளில் நீ தினமும் ஏறியிருக்கிறாய். நான் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கியபோது, இங்கேயும் எத்தனை ஒண்ணுமில்ல சொல்லியிருப்பாய் என்று தோன்றியது. இத்துடன் இன்று நிறுத்துகிறேன்.

செவ்வாய்க்கிழமை.

மீட்டிங் நேற்று முடிந்தது. இப்போதிருக்கும் மேனேஜர் நம்மைவிடச் சின்னவர், கெட்டவர் இல்லை. நான் கொடுத்த தாளில் ஒவ்வொரு மிஷினுக்கும் இரண்டு எண்கள் இருந்தன. ரிப்பேரை மட்டும் வைத்து ஒன்று, மக்கரையும் சேர்த்து ஒன்று.

"மேடம், இந்த ரெண்டாவது நம்பர் எதுக்கு? ரீசெட் பண்ணா ஓடுதுல்ல? ஓடுற மிஷின எப்படி ஃபெயிலியர்னு சொல்றது?"

"ஓடுதுங்க சார். ஒவ்வொரு தடவையும் சிஸ்டர் ஓடி வந்ததாலதான் ஓடுது. அவங்க வேற படுக்கைல இருந்தா?"

"அப்படிப் பார்த்தா ரெண்டு மிஷின எடுக்கணும். சாயங்கால ஷிஃப்ட் போயிடும். யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன். அந்த ஷிஃப்டுல இருக்கறவங்க பேரு எல்லாம் எனக்குத் தெரியும்."

"முதல் நம்பர மட்டும் வெச்சு ஒரு வருஷம் தள்ளிடலாமே. மூடியெல்லாம் யாரு பார்க்கப் போறா?"

கோபம் வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. நீயாக இருந்தால் பெருமாளையும் நாமத்தையும் இழுத்து அந்த ரூமையே சிரிக்கவைத்து வேலையை முடித்திருப்பாய். எனக்கு அது வராது. "ரெண்டாவது நம்பருக்குத்தான் நான் பொறுப்பு எடுத்துக்க முடியும் சார். முதல் நம்பர்தான் வேணும்னா வேற யாராவது கையெழுத்துப் போடட்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட வேறு யாரும் முன்வரவில்லை. நாலாம் நம்பரும் அதற்குப் பக்கத்தில் இருந்ததும் நிறுத்தப்படுகின்றன. புதியவை வரும்வரை மாலை ஷிஃப்ட் இல்லை. அந்த ஷிஃப்டில் பாதிப் பேரை விடியற்காலைக்கு மாற்ற சிஸ்டர்கள் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேருக்கு வேறு ஆஸ்பத்திரிகளில் இடம் கேட்டு இரண்டு நாளாகப் போன் செய்துகொண்டிருக்கிறேன். இருவருக்கு இன்னும் கிடைக்கவில்லை. உன் கணக்கு சரிதான். ஆனால் அது சரி என்பதால் யாருக்கும் கஷ்டம் இல்லாமல் போய்விடவில்லை. அதையும் உனக்குச் சொல்லவேண்டும்.

பாயிடம் நானே போய்ச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. "நாலாம் நம்பர எடுக்கறீங்களா? எத்தன வருஷப் பழக்கம்மா. கத்தும், ஆனா கைவிட்டதில்ல."

"கைவிட்ட பிறகு எடுத்து என்ன பாய் பண்றது?"

தலையை மெல்ல ஆட்டினார். பிறகு, "அந்தம்மாவும் இதத்தான் சொல்லியிருப்பாங்க" என்றார். "சரி, ஃபஜ்ர் தொழுதுட்டு நேரா வந்துர்றேன். டீ மட்டும் யாராவது வாங்கிக் குடுங்க. அந்த நேரத்துல கேன்டீன் தொறக்காது."

மத்தியானம் சிஸ்டர்கள் நாளைய பூஜைக்காக மிஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த பெண்ணிடம் மூத்த சிஸ்டர், "பொட்டெல்லாம் சக்கரத்துல மட்டும்தான். கண்ணுல வெச்சேன்னா பெரிய மேடம் வந்து கேப்பாங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. நீ இருக்கும்போது உன்னைப் பெரிய மேடம் என்று யாரும் சொன்னதில்லை.

ரூமுக்கு வந்து இ.சி.ஜி. மிஷினின் கணக்கைத் திருத்தினேன். அதன் பழுதுகளில் இருந்து ஒன்றைக் கழித்தேன். மீதி பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்பதால் அதற்குச் சராசரி இல்லை. ஒருதடவைகூட நிற்காத மிஷினுக்கு இடைவெளி என்று ஒன்றும் கிடையாது. அந்த இடத்தைக் காலியாக விட்டேன். அதற்கு உன் மூடி தேவையில்லை.

பஸ்ஸுக்கு நடக்கும்போது மகள் போன் செய்தாள். "என்னம்மா, குரலே ஒரு மாதிரி இருக்கு?" வாய்வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. கைப்பைக்குள் விரல் மூடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் மக்கர்டி" என்றேன். "ரெண்டு வாரமா மாடி ஏறினா மூச்சு வாங்குது. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போகணும், நீயும் வா."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினாள். கத்தட்டும் என்று காதில் வைத்தபடியே நடந்தேன்.